உத்தேச அம்மா

செண்பகவல்லிக்கும் அவள் புருஷன் கடற்கரைக்கும் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதில் மூத்த மழலையர் அயலகச் சேர்ப்பு ஆணையத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இல்லை என்பதை அவர்கள் முத்திரை வைத்தே தெரிவித்திருந்தார்கள். பாக்கி இருந்தது ஒன்றுதான். புருஷனும் பெண்டாட்டியும் வெளிநாட்டில் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஆணையம் கண்ணால் பார்க்க வேண்டும்.

வெளிநாடு என்பது நியூசிலாந்து. அங்கே டனீடின் என்ற ஊரில் செண்பகவல்லி ஒரு பால் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பாலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்வாள். மற்றபடி அதிகம் பேச மாட்டாள். பேச்சையெல்லாம் கடற்கரை பார்த்துக்கொள்வான். அவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன்.

ஆணையத்தின் தென்காசிக் கிளை அலுவலர் வல்லிநாயகம், போய்ப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பயணப்படிதான் இடித்தது. மாவட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிழக்கே ஆலங்குளம் வரை, வடக்கே சிவகிரி வரை.

"நியூசிலாந்து சிவகிரிக்கு அங்கிட்டுல்லா இருக்கு" என்றார் வருத்தத்தோடு.

இதற்கு ஆணையம் முன்பே ஒரு வழி கண்டிருந்தது. அலுவலர் வெளிநாட்டுக்குப் போக முடியாவிட்டால் வெளிநாட்டை அலுவலரின் எல்லைக்குள் அமைத்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை இருந்தது. தட்பவெப்பம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். தென்காசி மாவட்டத்தில் வெளிநாட்டுத் தட்பவெப்பம் நிலவும் ஒரே இடம் குற்றாலம் என்றும், அதுவும் சீசனில் மட்டுமே நிலவுகிறது என்றும் ஆணையம் ஆராய்ந்து அறிந்திருந்தது.

ஆகவே ஆனி மாதச் சாரலில், ஐந்தருவி போகும் சாலையில் ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பிடித்து, இருவரும் வெளிநாட்டில் வாழத் தொடங்கினார்கள்.

வீட்டுக்காரர் இசக்கிமணிக்கு இது புதிதல்ல. "போன வருசம் இங்கன கனடா நடந்துச்சு" என்றார். "ஏசிய பதினாறுல வச்சுட்டு ரெண்டு பேரும் கம்பளிக்குள்ள கெடந்தாக. நல்லாத்தான் நடந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் துபாய். அதுக்குத்தான் குத்தாலம் தோதுப்படல. ஹீட்டர் வாங்கி வச்சும் சார் ஒத்துக்கிடல."

"கனடாக்காரங்களுக்குப் பிள்ளை கெடச்சுதா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"சீசன் முடிஞ்சிருச்சேம்மா."

"முடிஞ்சா?"

"சீசன் முடிஞ்ச பொறவு ஆபீசர்க இங்கன எதுக்கு வாராக?" என்றார் இசக்கிமணி, சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல. பிறகு உள்ளே போய் இரண்டு தடித்த ஜெர்கினைக் கொண்டுவந்து கொடுத்தார். "கனடா விட்டுட்டுப் போனது. வச்சுக்கிடுங்க."

*

பிள்ளைகள் இரண்டு பேர். அக்கா குழல்வாய்மொழி, தம்பி சண்முகநாதன். தென்காசியில் ஜாஹிரா பீவி நடத்தும் இல்லத்தில் வளர்கிறார்கள். தம்பிக்கு எட்டு வயது. அக்காவுக்குப் புரட்டாசியில் பதினான்கு முடிகிறது. முடிந்த மறுநாள் அவள் ஆணையத்தின் கணக்கில் மூத்த மழலை அல்ல. மழலையே அல்ல. தம்பி மட்டும் மழலையாகத் தொடர்வான். அவனை மட்டும்தான் கொடுக்க முடியும். அக்காவை என்ன செய்வது என்பது வேறு ஆணையத்தின் பொறுப்பு. அந்த ஆணையம் இன்னும் அமைக்கப்படவில்லை.

செண்பகவல்லி இல்லத்துக்கு முதல்முறை போன அன்று, கையில் இனிப்புப் பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். குழல்வாய்மொழிதான் தலைமை. பாதியில் நிறுத்தினாள்.

"ஒங்க பேரச் சொல்லுங்க. பேரு வர்ற எடம் வந்துட்டு."

"ஏட்டி, அவுகளுக்குப் பொறந்தநாள் இல்ல" என்றார் ஜாஹிரா பீவி. "ஒன்னயும் தம்பியயும் பாக்க வந்திருக்காக."

குழல்வாய்மொழி யோசித்தாள். வெளியாள் வந்தால் அவருக்குப் பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் பிரியாணி. அவளுக்குத் தெரிந்து இதில் மாற்றம் இருந்ததில்லை.

"அப்ப சாப்பாடு கெடையாதா?" என்றாள்.

கடற்கரை உடனே போய் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவந்தான். பாட்டும் முழுசாகப் பாடப்பட்டது. அவனுக்கு அன்று பிறந்தநாள் இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கூடவே வந்திருந்த வல்லிநாயகம்தான் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். "அம்மான்னு கூப்புடக் கூடாது, கேட்டியா? இன்னும் உத்தரவு வரல. ஆன்ட்டின்னும் கூடாது, உறவு நீர்த்துப்போவும். உத்தேச அம்மா, உத்தேச அப்பா. அதான் சட்டப்படி சரி."

சண்முகநாதன் நல்ல பையன். அன்றே அதைப் பிடித்துக்கொண்டான்.

"உத்தேசம்மா, எனக்கு இன்னொரு லெக் பீஸ்."

*

முதல் ஆய்வு ஒரு சனிக்கிழமை. வல்லிநாயகம் ஜீப்பில் வந்தார். பின்னால் அவர் மனைவி, மச்சினி, மாமனார், ஒரு தூக்குவாளி நிறைய புளியோதரை, நல்லெண்ணெய் பாட்டில், துண்டுகள். பிள்ளைகள் இருவரும் கடைசியில் இறங்கினார்கள். உத்தேசப் பெற்றோரைப் பிள்ளைகள் சந்திப்பது அலுவலர் முன்னிலையில் மட்டுமே நடக்கலாம் என்பதால், இவர்களும் ஆய்வுப் பொருட்களில் அடக்கம்.

வல்லிநாயகம் சமையலறைக்குள் போனார். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"தோசை, சார்."

"அங்கன என்ன சாப்புடுவீக?"

"தோசைதான், சார்."

"வீட்டுல என்ன பேசுவீக?"

"தமிழ்."

வல்லிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பாருங்கம்மா, ஒங்க நல்லதுக்குச் சொல்லுதேன். தோச திங்கவும் தமிழ் பேசவும் புள்ளைகளுக்குத் தென்காசி போதும். அதுக்கு எதுக்கு நியூசிலாந்து? மேலிடத்துல கேப்பாகளா இல்லியா? கொஞ்சம் வெளிநாடு மாதிரி இருங்க."

"நாங்க வெளிநாட்டுல இப்படித்தானே சார் இருக்கோம்" என்றான் கடற்கரை.

"அது அங்கன. நான் பாக்குறது இங்கனல்லா?"

அதன்பின் எல்லோரும் மெயின் அருவிக்குப் போனார்கள். வீட்டு ஆய்வு இருபது நிமிடத்தில் முடிந்திருந்தது. அருவி ஆய்வு மதியம் வரை நடந்தது. சாயங்காலம் ஈரத்தலையோடு அறிக்கையில் எழுதினார்: தம்பதியரிடம் வெளிநாட்டு வாழ்க்கைக்கான அறிகுறிகள் குறைவு. மறு ஆய்வு தேவை.

மறு ஆய்வுக்கு அவர்கள் தயாரானார்கள். நியூசிலாந்தில் அப்போது குளிர்காலம் என்பதால் ஜெர்கின் போட்டுக்கொண்டார்கள். கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பினார்கள். இங்கே மத்தியானம் பன்னிரண்டு என்றால் அங்கே இரவுச் சாப்பாட்டு வேளை. ஆகவே உச்சிவெயிலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பிற்பகல் மூன்றரைக்கு எல்லோரும் குட் நைட் சொல்லிவிட்டுப் படுத்தார்கள். வல்லிநாயகமும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மண்டல அலுவலரும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர்கள் தூங்குவதைப் பார்த்தார்கள். கடற்கரை நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டான். போர்வைக்குள்ளிருந்து சண்முகநாதன் கேட்டான்:

"உத்தேசம்மா, நியூசிலாந்துல தெனமும் சார் வந்து பாத்துட்டு இருப்பாங்களா?"

"பேசாமத் தூங்குலே" என்றாள் அக்கா. "எழுதுதாங்க."

மண்டல அலுவலர் எழுதிய அறிக்கை: தம்பதியர் நடிப்பதுபோல் தோன்றுகிறது. இயல்பாக இருக்கப் பழகிய பின் மறு ஆய்வு செய்யலாம்.

*

ஆடி முழுக்க அலுவலர்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர், சேலத்திலிருந்து ஒருவர். சென்னையிலிருந்து வந்த குழுவில் பாதிப் பேர் ஆணையத்தைச் சேர்ந்தவர்களே அல்ல. ஒருவர் மீன்வளத் துறை. ஆனாலும் கட்டிலைச் சுற்றி நின்று அவரும் பார்த்தார். ஒவ்வொருவரும் சூப்பைக் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, "தண்ணி எப்படி விழுது?" என்று கேட்டார்கள்.

செண்பகவல்லிக்கு ஒரு விஷயம் பிடிபடக் கொஞ்ச நாளாயிற்று. சோதனைக்கூடத்துக்காரி என்பதால் பிடிபட்டது. மற்றவர்களுக்குப் பிடிபட்டிருக்காது என்றில்லை, மற்றவர்களுக்கு அது முன்பே தெரியும். கோப்பு நகர்வதற்கும் விதிமுறைக்கும் சம்பந்தமில்லை. அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தால் ஆய்வு நடக்கும். வெள்ளம் வந்து போலீஸ் குளிக்கத் தடை போட்டால் வல்லிநாயகத்திடமிருந்து ஒரு வரி வரும்: தண்ணீர் அதிகம், ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது. வெயில் அடித்துத் தண்ணீர் நூலாகிவிட்டால், ஆய்வுக்கு உகந்த சூழல் இல்லை.

ஆய்வு இல்லாத நாளில் பிள்ளைகளும் வர மாட்டார்கள். அந்த நாட்களில் செண்பகவல்லி ஜெர்கினை மடித்து வைத்துவிட்டு, இயல்பாக இருக்கப் பழகினாள். கடற்கரை கடைத்தெருவில் மங்குஸ்தான் வாங்கிவந்து, பாதியைப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைப்பான். மூன்றாம் நாள் அவனே அதைத் தின்றுவிட்டுத் தோலைக் கொட்டுவான்.

ஆவணியில் சாரல் மெலிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வல்லிநாயகம் போன் செய்தார்.

"இது கடைசி ஆய்வா இருக்கட்டும்னு மேலிடத்துல சொல்லியாச்சு. டைரக்டர் மேடமே நாளைக்கு வாராங்க. மெயின் அருவில தண்ணி எப்படிம்மா இருக்கு? நீங்கதான் பக்கத்துல இருக்கீக."

செண்பகவல்லி குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இருபது வருடமாகப் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். "ரொம்பக் கொறவு, சார்" என்றாள்.

ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.

அன்று மாலை ஜாஹிரா பீவி போனில் கூப்பிட்டார். "உள்ளத ஏன்மா சொன்னீக? கொட்டுது சார், ஆளையே சாய்க்குதுன்னு சொல்ல வேண்டியதுதான? வந்து பாத்துட்டு என்ன செய்வாக? நாங்க இங்கன வருசம் பூரா பொய் சொல்லித்தான் ஒரு மூடை அரிசி வாங்குதோம்." அதற்குள் போன் கை மாறியது.

"உத்தேசம்மா." குழல்வாய்மொழியின் குரல். கோபம் போலிருந்தது. "நாளைக்கு வருவோம்னு சட்டையெல்லாம் எடுத்து வச்சிட்டான் இவன். எனக்குப் புரட்டாசி வந்துட்டா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன் தண்ணி இல்லேன்னு சொன்னீங்க?"

தண்ணீர் இல்லை என்பது செண்பகவல்லிக்கே ஒரு பதிலாகப் படவில்லை.

*

மலையில் மழை பெய்தது. கடைசிச் சாரல் என்று இசக்கிமணி சொன்னார். இந்தத் தடவை வல்லிநாயகம் கேட்பதற்கு முன்பே செண்பகவல்லி போன் செய்து, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று சொன்னாள். சொன்னது உண்மைதான், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

இயக்குநர் உமா மகேஸ்வரி இரண்டு கார்களில் வந்தார். காலையிலேயே அருவிக்குப் போய்விட்டு, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். வல்லிநாயகம் கை கட்டி நின்றார். ஜாஹிரா பீவி பிள்ளைகளோடு சுவரோரம். நேரம் நியூசிலாந்துப்படி இரவு ஏழு.

"நான் முப்பது வருஷமா குழந்தைகளுக்காகவே வாழ்றேன்" என்று தொடங்கினார் இயக்குநர். "அதனால குழந்தைகளைப் பாக்கவே எனக்கு நேரம் கெடைக்கிறதில்ல. இன்னைக்கு ஒங்களுக்காக வந்திருக்கேன். எல்லாரும் கேக்கறாங்க, ஏன் இவ்வளவு லேட்டுன்னு. லேட்டுதான் எங்க பலம். ஒரு குழந்தையை அவசரப்பட்டுக் கொடுத்துட்டா, அப்புறம் அந்தக் குழந்தைக்கு நாங்க என்ன பண்ண முடியும்? எங்க கையில இருக்கிற வரைக்கும்தான் அது குழந்தை. கொடுத்துட்டா வெறும் யாரோ ஒருத்தரோட பிள்ளை."

வல்லிநாயகம் கை தட்டினார்.

"போன வருஷம் நாங்க பண்ணின ஆய்வு தென்னிந்தியாவிலேயே அதிகம். கொடுத்த குழந்தை எத்தனைன்னு கேக்காதீங்க, அது வேற செக்‌ஷன். கொடுத்ததுக்கு அப்புறம் பின்தொடர் ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு எல்லை கெடையாது, தனி நிதி. உலகத்துல எந்த மூலைக்கும் போகலாம். என்ன பிரயோஜனம்? பின்தொடர்றதுக்கு யாரையாவது அனுப்பியிருந்தாத்தானே. அந்த நிதி அப்படியே திரும்பிப் போகுது. நெனச்சா மனசு வலிக்குது." அவருக்கு நிஜமாகவே வலித்தது. கூந்தலை உதறிக்கொண்டார். "இவங்க விஷயத்துல எனக்கு இன்னும் திருப்தி வரல, வல்லிநாயகம். சூப் ஆறிப்போச்சு. இதுவா வெளிநாடு? அடுத்த சீசன்ல ஒரு தடவை பாத்துடலாம்."

ஜாஹிரா பீவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கடற்கரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"குழந்தையோட சம்மதத்தை மட்டும் கேட்டு வச்சுக்குவோம், மேடம்" என்றார் வல்லிநாயகம். "கடைசிப் பக்கம் காலியா இருக்கு."

"கேட்டுட்டாப் போச்சு. இந்தாம்மா, இவங்களோட போக ஒனக்குச் சம்மதமா?"

குழல்வாய்மொழி இயக்குநரின் ஈரத்தலையைப் பார்த்தாள். கார் மேல் காய்ந்த துண்டுகளை ஜன்னல் வழியே பார்த்தாள். பிறகு செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"உத்தேசம்மா, ஒங்க ஊர்ல அருவி இருக்கா?"

வாசலில் துண்டு பிழிந்துகொண்டிருந்த டிரைவர்கூட நிறுத்தினார். செண்பகவல்லி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. பிறந்தநாள் பாட்டு பாடும்போது இருந்த அதே முகம்.

"இருக்கு" என்றாள். "வீட்டுலேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரம். காட்டுக்குள்ள. மூணு தட்டா விழும்."

"கூட்டமா இருக்குமோ?" என்றார் இயக்குநர்.

"அனேகமா ஆளே இருக்காது, மேடம்."

"லேடீஸுக்குத் தனியா எடம்?"

"மொத்தமும் நமக்குத்தான்."

"சீசன் எப்ப?"

"வருஷம் பூரா தண்ணி விழும்."

"தடை கிடை போடுவாகளா?" என்று கேட்டார் வல்லிநாயகம், கைக்கட்டு தானாக அவிழ்ந்துபோய்.

"போலீஸையே பாக்க முடியாது, சார்."

இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கடற்கரை கேட்டதில்லை. அத்தனையும் உண்மை என்பதும் அவனுக்குத் தெரியும். எதை விட்டுவிட்டாள் என்பதும் தெரியும். தன் கிண்ணத்தில் ஆறிப்போயிருந்த சூப்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு உட்கார்ந்தான்.

இயக்குநர் சூப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கரண்டி குடித்தார். "நல்ல வெளிநாட்டு டேஸ்ட்" என்றார். "வல்லிநாயகம், இந்தக் குடும்பத்தை நாம விடாமப் பின்தொடரணும். அதுக்கு மொதல்ல அனுப்பியாகணும்."

கடைசிப் பக்கத்தில் வல்லிநாயகம் எழுதினார்: குழந்தை அருவி குறித்து ஆர்வத்துடன் வினவியது. சம்மதம் பெறப்பட்டது. அதற்குக் கீழே இயக்குநர் உத்தரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கார்கள் போனபின் மாடிப்படியில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். உத்தரவு கையில் இருந்ததால் அலுவலர் முன்னிலை தேவைப்படவில்லை. சண்முகநாதன் கனடாக்காரரின் ஜெர்கினுக்குள் முழுசாக மறைந்திருந்தான்.

"அந்த அருவில குளிக்கலாமா?" என்று கேட்டாள் குழல்வாய்மொழி.

"குளிக்க முடியாது. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். கால வச்சா வெறச்சுப் போகும். தூர நின்னு பாக்கத்தான்."

"அத மேடத்துக்கிட்ட சொல்லலையே."

"அவங்க கேக்கல."

குழல்வாய்மொழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இரண்டு மாதத்தில் செண்பகவல்லி பார்த்த முதல் சிரிப்பு அது. கை தட்டலோ பாட்டோ சேராத சிரிப்பு.

*

டனீடினில் இப்போது கோடை. சண்முகநாதன் தோசைதான் சாப்பிடுகிறான், மூன்றரை மணிக்குத் தூங்குவதில்லை, இன்னும் உத்தேசம்மா என்றே கூப்பிடுகிறான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அதை அவள் பெயர் என்று நினைத்து அவரும் அப்படியே கூப்பிடுகிறார். புரட்டாசியில் பிறந்தநாள் வந்தபோது, தன் பெயர் வரும் இடத்தில் பாட்டை யார் பாடுவது என்று தெரியாமல் குழல்வாய்மொழி கொஞ்சம் திகைத்தாள். பிறகு கடற்கரையைப் பாட விட்டுவிட்டு, பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணையத்திலிருந்து மாதா மாதம் மின்னஞ்சல் வருகிறது. பின்தொடர் ஆய்வுக்கு இயக்குநர் தலைமையில் ஆறு பேர் குழு அமைக்கப்பட்டுள்ளது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைக்குமா, அல்லது உடன் அழைத்து வர வேண்டுமா என்ற விவரத்தைத் தெரிவிக்கவும்.

செண்பகவல்லிக்கு இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுத வராது. உள்ளதை உள்ளபடி எழுதி எங்கேயாவது மாட்டிக்கொள்வாள். ஆகவே அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே வரிதான் அடிப்பாள். அடித்து முடித்ததும் அம்மாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டுவாள்.

"தண்ணீர் அதிகம். ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது."